முந்நூறு மீட்டரில் ஐந்து துளைகள்

தம்பி,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு நம் வீட்டில் ஒரு முக்கியமான தீர்மானம் எடுக்கப்பட்டது. கராஜில் நிற்கும் ஃப்ரீசரின் கீழ்த்தட்டு இரண்டு மாதங்களாக மான் இறைச்சிக்கென்று காலியாக வைக்கப்பட்டிருந்தது. அது மீண்டும் முருங்கைக்காய்க்கும் தேங்காய்ப்பூவுக்கும் கையளிக்கப்படுகிறது. உன் அம்மா முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன். எதிர்க்கக்கூடிய ஒரே ஆளான நீ வேலைக்குப் போய்விட்டிருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. "மான் வராதெண்டால் தட்டு ஏன் சும்மா கிடக்கோணும்?" என்று அவள் கேட்டாள். தட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தபோது சான்ட்ரிங்ஹாம் கடைகளில் உறையக்கூடிய பொருட்களில் பாதி அதற்குள் இருந்தது. அவளைப் பொறுத்தவரை அந்த மான் விவகாரம் அத்தோடு முடிந்தது. என்னைப் பொறுத்தவரை முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு இருபத்தொன்பது வயது. இன்னும் ஆறு வாரத்தில் கல்யாணம் முடித்து, ஹானாவோடு பாட்டனி டவுன்ஸில் வாடகை வீட்டுக்குப் போகிறாய். அப்படிப் போகும் மகனுக்குத் தகப்பன் எழுதும் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்: பொறுமை, சிக்கனம், மாமியாரிடம் மரியாதை. இவை மூன்றிலும் நீ ஏற்கெனவே என்னைவிடத் திறமானவன், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வேண்டியது ஒரு பேனாவைப் பற்றி. இன்று புதன்கிழமை. ஒடாஹுஹுவில் இன்று நான் வேலைக்குப் போக வேண்டிய முதல் கடை திறக்க இன்னும் முக்கால் மணிநேரம் இருக்கிறது. வான் வண்டியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதற்குள் உள்ள மற்ற கோணல்களுக்கு அந்தச் சாட்டு கிடையாது.

நீ துப்பாக்கி வாங்கிவந்த நாள் நினைவிருக்கிறதா? லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டாவது வாரம். குழலைத் தாங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, மெல்லிய குழல், மேலே ஏற்கெனவே பூட்டிய தொலைநோக்கி, எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில். கடையில் இருந்தவற்றில் அதுதான் ஆக மலிவு என்றாய். துப்பாக்கி என்றதும் உன் அம்மா சுவாமியறைக்குப் போனாள். பாதி விலைக்குக் கழிவில் வந்தது என்றதும் திரும்பி வந்து, "ரசீதைப் பத்திரமா வை" என்றாள். நம் வீட்டில் ஒரு பொருள் ஆபத்தானதா என்று கேட்குமுன் அது கழிவு விலையில் வந்ததா என்று கேட்போம். நான் சொன்னது, "நான் உதைத் தொடமாட்டன். ஆனால் நீ எங்கை கொண்டுபோறாய் எண்டு பாக்க வருவன்." ஊரில் எனக்குத் துப்பாக்கியோடு இருந்த பழக்கமெல்லாம் அதன் மற்ற முனையில் நின்றதுதான். சோதனைச்சாவடியில் வரிசையாக நின்று அடையாள அட்டையை நீட்டுவோம். அட்டையில் உள்ளது சரியென்றால் நாமும் சரி. ஆளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தாள் சரியாக இருந்தால் போதும் என்ற பாடத்தை நான் அங்கேதான் படித்தேன். படிப்பில் நான் எப்போதும் கெட்டிக்காரன் என்பது உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளைப் பற்றி நாம் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை, ஏனென்றால் நம் வீட்டில் நல்ல விஷயங்களைக் கதைத்தால் கண்பட்டுவிடும். காலை ஏழு மணிக்குப் புறப்படுவோம். ஒன்றேகால் மணிநேரம் வடக்கே ஓடினால் நீ சேர்ந்த துப்பாக்கிக் கிளப்பின் சுடுதளம். நீ கின்டி என்ற பாலர் பள்ளிக்குப் போன நாளிலிருந்து நாங்கள் தமிழில் கேட்போம், நீ ஆங்கிலத்தில் பதில் சொல்வாய், குடும்பம் நடந்தது. அந்தக் காரில் மட்டும் நீ தமிழில் கதைத்தாய். காரணம் எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயந்து கேட்கவில்லை. "அப்பா, காத்து இடப்பக்கத்தாலை அடிச்சால் குண்டு எங்கை போகும்?" என்று கேட்பாய். "வலப்பக்கம்." "எவ்வளவு?" "அதை நீதானே படிக்கிறாய்." "நீங்கள்தானே கணக்குப் புலி." பிறகு புல்வெளியைக் காட்டி, "உங்கடை ஊரிலை மான் இருந்ததே?" என்பாய். "இருந்தது. எங்களைவிடக் கெட்டித்தனமான சாதி. முதலே வெளிக்கிட்டுட்டுது" என்றேன் ஒருமுறை. நீ சிரித்த சிரிப்பில் கார் வீதியின் நடுக்கோட்டைத் தாண்டியது. ஒன்றேகால் மணிநேரம் போக, ஒன்றேகால் மணிநேரம் வர. கிழமைக்கு இரண்டரை மணிநேரம் எனக்கு ஒரு மகன் இருந்தான்.

சுடுதளத்தில் என் வேலை என்னவென்று தெரியாதவர்கள் இந்தக் கடிதத்தைப் பார்க்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் தாள் தூக்குகிறவன். நீ ஐந்து குண்டு சுடுவாய். எல்லோரும் சுட்டு முடித்து, துப்பாக்கிகளைத் திறந்து வைத்துவிட்டு விலகி நின்றதும், பொறுப்பாளர் முன்னால் போகலாம் என்பார். முந்நூறு மீட்டர் நடந்து, சட்டத்தில் குத்தியிருக்கும் தாளைக் கழற்றி, புதியதைக் குத்திவிட்டு, பழையதைக் கொண்டுவர வேண்டும். உன் மலிவுத் தொலைநோக்கியில் அந்தத் தூரத்தில் துளை தெரியாது. என் சர்க்கரை வியாதிக்கு நடை நல்லது என்று சொல்லி அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். டாக்டருக்கும் சந்தோஷம், உனக்கும் சந்தோஷம். நூறு மீட்டரில் உன் துப்பாக்கி ஒழுங்காகத்தான் சுட்டது, முதல் மூன்று குண்டும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. முந்நூறில் அப்படி இல்லை. முதல் சனிக்கிழமை நான் கொண்டுவந்த தாளில் ஐந்தில் நாலு துளை இருந்தன, அவை ஒன்றையொன்று அறியாதவை போல மூலைக்கொன்றாக நின்றன. இரண்டாவது சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாவது சனிக்கிழமை திரும்பி வரும்போது நீ ஆங்கிலத்தில் சொன்னாய்: "ஐ'ம் டன், அப்பா. இட்ஸ் எ சீப் கன் அண்ட் ஐ'ம் நோ குட்." நான் ரேடியோவைப் போட்டேன்.

நாலாவது சனிக்கிழமை, கடைசித் தடவையாக வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தாய். நீ சுட்டாய், நான் நடந்தேன். தாளில் மூன்று துளை, ஒன்று கீழ் ஓரத்தைக் கிழித்திருந்தது. சட்டத்துக்கு முன்னால் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தேன். புதிய தாள் ஒன்றைக் குத்தினேன். சட்டைப்பையில் வேலைக்குக் கொண்டுபோகும் பேனா இருந்தது. உன் துப்பாக்கியின் குண்டு போடும் துளையும் என் பேனாவின் பருமனும் ஏறத்தாழ ஒன்று. நடுவட்டத்துக்குள் இரண்டு, விளிம்பில் ஒன்று, சற்று வலப்பக்கம் தள்ளி இரண்டு என ஐந்து துளை போட்டேன். உண்மையான குண்டுத் துளையின் விளிம்பில் சாம்பல் நிறக் கறை ஒன்று இருக்கும், அதற்குப் பென்சில் முனையை நசுக்கித் தேய்த்தேன். செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்து தாளை நீட்டினேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு என் தோளில் கை வைத்தாய். கடைசியாக நீ அப்படி வைத்தது எப்போதென்று யோசித்தேன், பிடிபடவில்லை. "அப்பா, நாங்கள் வாற கிழமையும் வருவமா?" என்று கேட்டாய். தமிழில்.

என் தொழில் என்ன என்பதை இங்கே எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுத வேண்டும். கடைகளில் உள்ள தராசுகளைச் சோதித்து, சரியென்றால் முத்திரை ஒட்டுவது. இருபத்திரண்டு வருடமாக ஒரு கிராம் பிசகை நான் விட்டுக்கொடுத்ததில்லை. மீன் கடைக்காரர் ஒருவர், "மாஸ்டர், ரண்டு கிராம்தானே, கண்ணை மூடுங்கோவன்" என்று கெஞ்சியபோது, அந்த இரண்டு கிராமுக்காக அவருக்கு அரைமணிநேரம் விரிவுரை செய்தவன். பிழையான தராசால் பெரிய கேடில்லை, யாராவது கண்டுபிடித்துத் திருத்துவார்கள், சரியென்று முத்திரை ஒட்டிய பிழையான தராசைத்தான் யாரும் தொடமாட்டார்கள் என்பது அந்த விரிவுரையின் சாரம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கும் நான் அதைச் சொல்வதுண்டு. குறித்துக்கொள்வார்கள்.

அதன்பிறகு ஒன்பது சனிக்கிழமை. ஒரேயடியாக முன்னேறினால் சந்தேகம் வரும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றினேன். ஆறாவது வாரம் ஒரு துளையை வேண்டுமென்றே வெளியே தள்ளினேன். அன்றைக்கு நீ எவ்வளவு கவலைப்பட்டாய் என்றால், அடுத்த வாரம் ஐந்தையும் உள்ளங்கைக்குள் அடக்க வேண்டியதாயிற்று. உன்னிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் துளைகள் நெருங்குகின்றன, காற்று விட்டுவிட்டு அடிக்கும்போது பொறுத்தால் வலப்பக்கம் இழுபடுவதில்லை, விசையை விரல் நுனியால் அழுத்தினால் நல்லது என்றெல்லாம் தாளுக்குத் தாள் ஒப்பிட்டு எழுதிவைத்தாய். தம்பி, அந்த விதிகள் பொதுவாகச் சரியானவையாக இருக்கலாம். ஆனால் நீ அவற்றைக் கண்டுபிடித்தது என் பேனாவிலிருந்து. நான் குனிந்து நிற்க முதுகு வலித்த நாளில் துளைகள் கீழே போயின. அதற்கு நீ குண்டின் வேகம், குளிர், வெயில் என்று ஒரு பக்கம் முழுக்கக் காரணம் எழுதியிருந்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்து மேசையில் சுடும் வயதான மனிதரை உனக்குத் தெரியும், பிளம்பராக இருந்து ஓய்வுபெற்றவர், பழைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டுவதில் ஆசையுள்ளவர். ஐந்தாவது வாரம் நீ கழிப்பறைக்குப் போயிருந்தபோது அவர் என்னிடம் வந்து, உன் துப்பாக்கியின் பிளாஸ்டிக் கட்டை மலிவானது, முன்னால் ஊன்றும் தாங்குகாலில் சாய்த்து அழுத்தும்போது வளைந்து குழலில் முட்டுகிறது போலிருக்கிறது, குழல் சூடானதும் குண்டு கண்டபடி போகும் என்றார். ஒரு தாள் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தடைப்பட்டால் உட்பக்கத்தை மண்தாளால் பத்து நிமிடம் தேய்த்தால் சரி என்றார். மலிவுத் துப்பாக்கி எல்லாவற்றிலும் இது உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை. ஐந்தும் நடுவில் விழுகிற துப்பாக்கியை எதற்காகத் தேய்க்க வேண்டும் என்று நீ கேட்டிருப்பாய். அதற்கு நான் என்ன சொல்வது?

இது எனக்குத் துப்பாக்கியோடு தொடங்கிய பழக்கம் என்று நினைத்துவிடாதே. உனக்கு எட்டு வயதில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டியில் மூன்றாவது வரியோடு நின்று, மைக்கைப் பார்த்து அழுதாய். அந்தப் போட்டியில் பதினொரு பிள்ளைகள் கலந்துகொண்டார்கள், பதினொரு பேருக்கும் பரிசு கிடைத்தது. பெற்றோரெல்லாம் குழுவில் இருந்தால் நீதி அப்படித்தான் வழங்கப்படும். உனக்குக் கிடைத்தது 'சிறந்த உணர்ச்சி வெளிப்பாடு' என்ற பிரிவில். அந்தப் பிரிவை உருவாக்கியவன் நான், முதல்நாள் அல்ல, நீ அழுத பிறகு. வீட்டுக்கு வரும் வழியில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "டிட் ஐ டூ குட்?" என்று கேட்டாய். "நீதான் திறம்" என்றேன். அடுத்த வருடமும் நீ அதே மூன்றாவது வரியில் நின்றாய். ஒரு வருடமாக யாரும் நாலாவது வரியை உனக்குச் சொல்லித்தரவில்லை.

ஹானாவின் அப்பா உன்னை மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னது இலையுதிர் காலம் தொடங்கியபோது, கலைமான்கள் கத்தத் தொடங்கும் பருவத்தில். அதற்கு முந்தின ஞாயிறு அவர்கள் வீட்டில் சாப்பிட்டோம். உன் துப்பாக்கியை அவர் கையில் வாங்கிப் பார்த்து, "வெல், இட்ஸ் லைட்" என்றார். இந்த நாட்டவர்கள் பொருளைப் பற்றிச் சொல்ல நல்லது ஒன்றும் இல்லையென்றால் எடையைப் பற்றிச் சொல்வார்கள். உன் காது சிவந்தது. நீ காருக்குப் போய், தாள்களை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாய். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு துளையையும் விரலால் தொட்டார். நான் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "த்ரீ ஹண்ட்ரட்?" என்றார். "த்ரீ ஹண்ட்ரட்" என்றாய். அவர் எழுந்து வந்து உன் கையைக் குலுக்கினார். உன் அம்மா என் விலாவில் இடித்து, "பாத்தியளே, என்ரை பிள்ளையை" என்றாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் இன்னொரு உருளைக்கிழங்கு கேட்டேன்.

மலையில் நடந்ததை நீ அம்மாவுக்கு ஒரு விதமாகவும் எனக்கு இன்னொரு விதமாகவும் சொன்னாய். அம்மாவிடம், தப்பிவிட்டது என்றாய். "தப்பினது நல்லது, அதுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்" என்று அவள் தேநீர் போடப் போனாள். என்னிடம் கராஜில் சப்பாத்தில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னாய். மான் எதிர்ச்சரிவில் பக்கவாட்டில் நின்றதாம். தூரம் அளக்கும் கருவியில் இருநூற்றுத் தொண்ணூறு. ஹானாவின் அப்பா தன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை, "யூ'ர் த த்ரீ ஹண்ட்ரட் மேன்" என்று உன்னிடம் விட்டுவிட்டார். உனக்கு முன்னால் நூறு மீட்டர் கிட்டப் போகக்கூடிய ஓடைவழி இருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் கிட்டப் போக ஒரு தேவையும் இருக்கவில்லை, கையில் தாள்கள் இருந்தன. "அப்பா, அது வயித்திலை பட்டது. படுற சத்தம் கேட்டது. அது முதுகை வளைச்சுக்கொண்டு காட்டுக்கை ஓடிட்டுது." இரண்டு நாள் மழையில் தேடினீர்கள். முதல்நாள் இரத்தம் இருந்தது, இரண்டாம் நாள் மழை கழுவிவிட்டது. மானின் நெஞ்சில் உயிர் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு என்று நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். உன் உண்மையான தாள்களில் துளைகள் பரவியிருந்தது ஒரு சுளகளவுக்கு. "துவக்கிலை பிழையில்லை. நான்தான் பதறிப்போனன்" என்றாய். நான் குழாயை மூடினேன். அது மட்டும்தான் நான் செய்தது.

மூன்று வாரமாகிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. வேலையிடத்தில் உனக்குத் தருவதாக இருந்த மேலாளர் பதவியை வேண்டாம் என்று சொன்னாய் என்பதை ஹானாதான் அம்மாவுக்குச் சொன்னாள். ஏனென்று கேட்டதற்கு, தேவையான நேரத்தில் பதறுகிற ஆள் நான், அது எனக்குத் தெரிந்துவிட்டது என்றாயாம். அந்தப் பெண் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்தைப் பற்றியும் அப்படி யோசிக்கிறாரோ என்று பயமாக இருக்கிறது என்றிருக்கிறாள். நீ பதறவில்லை, தம்பி. நீ சரியாகவே சுட்டாய் என்று நினைக்கிறேன். அந்தத் துப்பாக்கி சரியாகச் சுட்டாலும் அப்படித்தான் போகும். ஒரு வசனத்தில் இதை உனக்குச் சொல்லியிருக்கலாம். மூன்று வாரமாக அந்த வசனத்தைத் தினமும் காலையில் வான் வண்டிக்குள் ஒத்திகை பார்க்கிறேன். மாலையில் உன் முகத்தைப் பார்த்ததும், இதைச் சொன்னால் சனிக்கிழமைக் கார், தோளில் வைத்த கை, மான் பற்றிய பகிடி எல்லாவற்றையும் நீ பின்னோக்கிப் போய் ஒவ்வொன்றாகச் சோதிப்பாய் என்று தோன்றும். அப்பா அப்போதும் பேனாவோடுதான் இருந்தாரா என்று. நான் சிரித்தது உண்மை. அதற்கு அத்தாட்சி ஒன்றும் என்னிடம் இல்லை.

தகப்பன் கடிதத்தில் ஒரு புத்திமதியாவது இருக்க வேண்டும் என்பார்கள். என்னிடம் உள்ளது இதுதான். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கு ஒன்று வரவில்லை என்றால், வரவில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்துகொள். நான் இரண்டாவதைச் செய்வதற்காக முதலாவதை மறைத்தேன். உன்னோடு இருக்க உன் வெற்றி தேவை என்று நினைத்தேன். நீ தோற்றுக்கொண்டிருந்த முதல் மூன்று சனிக்கிழமையும் நான் அதே காரில்தான் இருந்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உண்மையான தாள்கள் பத்தும் என்னிடம் இருக்கின்றன. அளவை எடுத்த பதிவைக் குப்பையில் போட என் கை வராது. இவ்வளவு நாளும் வேலைப்பையில் படிக்கற்களுக்கு அடியில் இருந்தன, இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். ஒவ்வொன்றின் மூலையிலும் வாரமும் காற்றும் எழுதியிருக்கிறேன். நீ துப்பாக்கியை விற்க விளம்பரம் போட்டிருப்பதாக அம்மா சொன்னாள். வாங்க ஆள் வருவது சனிக்கிழமை என்றாள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இதை உன் கையில் தருவேன்.

இதுவரை எழுதியது புதன்கிழமை. இன்று ஞாயிறு.

ஆள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கட்டட வேலை செய்கிறவர், கையில் சீமெந்து காய்ந்திருந்தது. நீ அவருடைய லைசென்ஸை வாங்கிச் சரிபார்த்தாய். என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாய். உன் அம்மா அவருக்கு ரோல்ஸ் கொடுத்தாள், காரம் அதிகமா என்று கேட்டாள், அவர் கண் கலங்க இல்லையென்றார். தன் துப்பாக்கி உடைந்துவிட்டது, பருவம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, எதிர்ச்சரிவுகளில் தூரமாகச் சுட வேண்டிவரும், இது தாங்குமா என்று கேட்டார். நீ அறைக்குப் போய்த் தாள்களைக் கொண்டுவந்தாய். "த ரைஃபிள்'ஸ் பெட்டர் தன் மீ" என்றாய், உன்னைவிடத் துப்பாக்கி திறமென்று. அவர் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, இவற்றையும் எடுத்துக்கொள்ளலாமா, நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார். உனக்கு அவை வேண்டியிருக்கவில்லை. நீ என்னைக் காட்டி, "டாட் எல்லாத்தையும் நடந்து போய்க் கொண்டுவந்தவர்" என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னாய். அவர் என் கையைக் குலுக்கி, "குட் ஆன் யூ, மேட்" என்றார். நான் தாங்க் யூ என்றேன். அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகும் இந்தக் கடிதம் என் பையிலேயே இருந்தது.

நேற்று முழுவதும் நீ ஹானா வீட்டில் இருந்தாய். இன்று காலை ஒன்பது மணிக்கு, நீ விற்பனைத் தாளில் குறித்துவைத்திருந்த இலக்கத்துக்கு நானே போன் செய்தேன். அவருடைய மனைவி எடுத்தார். தகவல் ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். துப்பாக்கியைப் பற்றி என்றேன். கணவர் சனிக்கிழமை விடியவே இரண்டு நண்பர்களோடு மலைக்குப் போய்விட்டார், அங்கே போன் எடுக்காது, புதன்கிழமை திரும்புவார் என்றார்.